உயரம் குறைந்தோரும் நெடும்பயண மோட்டார் சைக்கிளும்

விடுமுறை நெருங்கும் காலத்தில், காக்கநாட்டில் தங்கிப் பயிலும் தமிழ் மாணவர்களிடையே இரண்டு பேச்சுக்கள் தவறாமல் எழுவதுண்டு. இரயிலில் இடம் கிடைத்ததா என்பது ஒன்று. “இரயில் எதற்கு? வண்டியிலேயே ஊருக்குப் போய்விடுவோமே” என்பது மற்றொன்று. கோவைப் பக்கத்தார்க்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே அகன்ற நெடுஞ்சாலை இருக்கிறது. தேனி, மதுரைப் பக்கத்தாராகிய எங்களுக்கோ மூணாற்று மலையேறிப் போடிமெட்டில் இறங்கும் சாலையே வழி. இவ்விரு வழிகளிலும் தனியே செல்வோரைவிட இருவராய்ச் செல்வோரே மிகுதி. நண்பனோ, தங்கையோ, மனைவியோ, நம்மைப் பார்க்க வந்து திரும்பும் தாயோ பின்னிருக்கையில் இருப்பர்.

அவ்வாறு செல்வதற்கேற்ற மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று உயரம் குறைந்த ஒருவன் எழுதும் கட்டுரை இது. என் உயரம் 160 சென்டிமீட்டர். இதைச் சொல்ல நான் கூசவில்லை. இந்திய ஆடவரின் சராசரி உயரமே ஏறத்தாழ 165 சென்டிமீட்டர்தான். மகளிரின் சராசரி 152ஐ ஒட்டியது. நெடும்பயணத்திற்கென்றே விளம்பரம் செய்யப்பெறும் வண்டிகளுட் பலவோ தரையிலிருந்து 82, 83 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கையை வைத்துக்கொண்டு நிற்கின்றன. எனவே குறை நம் கால்களில் இருப்பதாக எண்ணி நாணவேண்டியதில்லை. நம் சங்கத்துச் சகோதரிகளுள் வண்டி ஓட்டுவோர் இதை என்னினும் நன்கு அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற உயரமான வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போடிக்குப் புறப்பட்டேன். கோதமங்கலம் கடந்து, 1935ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நேரியமங்கலம் பாலத்தையும் கடந்து, காட்டுச் சாலையில் ஏறி, அடிமாலிக்குச் சற்று முன்னால் ஒரு தேநீர்க் கடையருகே நிறுத்தினேன். சாலையின் இடப்புற ஓரம் மழையில் அரிக்கப்பட்டு நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. இடக்காலை ஊன்றினேன், ஊன்றுவதற்குத் தரை அங்கே இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை. நின்ற நிலையிலேயே, மரம் சாய்வதுபோல மெல்லச் சாய்ந்தது. அம்மா கையை ஊன்றினார். மணிக்கட்டில் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்த இடத்திலிருந்து எழுமுன்பே, “தம்பி, ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்தான் நான் இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உயரம் குறைந்தவர் ஓடும் வண்டியைக் கட்டுப்படுத்துவதில் உயரமானவர்க்கு எவ்வகையிலும் இளைத்தவர் அல்லர். ஓரளவு வேகம் பிடித்துவிட்டால் வண்டி தானே தன் நிலையைக் காத்துக்கொள்ளும். ஓட்டுபவரின் கால் தரையைத் தொடுகிறதா என்பது அங்கே பொருளற்ற கேள்வி. நம் சிக்கலெல்லாம் நிறுத்தும்போதும், கிளம்பும்போதும், ஊர்ந்து திரும்பும்போதும், பின்னே ஒருவர் ஏறி இறங்கும்போதுமே. ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுக்கும் நாம் அது எப்படி ஓடுகிறது என்பதைப் பார்ப்பதற்கு முன்பு, எப்படி நிற்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். கடைக்காரர் வேகத்தைப் பற்றியே பேசுவார். நாம் நிற்பதைப் பற்றிக் கேட்கவேண்டும்.

நிற்கும் வண்டி சாயும்போது என்ன நிகழ்கிறது என்பதைச் சிறு கணக்கொன்றால் காண்போம். வண்டியின் எடை 190 கிலோ; ஓட்டுபவர் 60; பின்னிருப்பவர் 60; பைகள் 15. ஆக 325 கிலோ. இவ்வளவு பாரத்தின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், ஊன்றிய கால் சக்கரத்திலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். வண்டி 2 பாகை சாய்ந்தால் அந்தக் காலின்மேல் இறங்கும் பாரம் 24 கிலோ அளவே, சிறுவனும் தாங்குவான். 5 பாகை சாய்ந்தால் 60 கிலோ. 10 பாகை சாய்ந்தால் 120 கிலோ! அதே வண்டியில் தனியாகச் சென்றால், ஈர்ப்பு மையமும் தாழ்ந்துவிடுவதால், 10 பாகையிலும் 80 கிலோ அளவில் நிற்கும். தனியே செல்லும்போது ஒருவாறு சமாளித்துவிடுகிற வண்டி, இருவராய்ச் செல்லும்போது நம்மைக் கைவிடுவதன் காரணம் இதுதான். இவை தோராயமான எண்களே; எனினும் உண்மையின் வடிவம் இதுவே.

இனி இதில் உயரக் குறைவு எங்கே வருகிறது? நீண்ட காலுடையவர் வண்டி நேராக நிற்கும்போதே இரு பாதங்களையும் தரையில் பதித்துக்கொள்வார். பின்னே இருப்பவர் அசைந்தாலும் ஓரிரு பாகைக்குள் வண்டியை மீட்டுவிடுவார். கால் எட்டாதவரோ தரையைத் தொடுவதற்கே வண்டியைச் சாய்த்தாக வேண்டும். ஒரு பாகை சாய்த்தால் கால் இறங்குவது அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆறு சென்டிமீட்டர் குறை இருந்தால், தரையைத் தொடும்போதே வண்டி 10 பாகை சாய்ந்துவிட்டது என்று பொருள். 120 கிலோ பாரத்தை, அதுவும் பெருவிரல் நுனியால், எவர் தாங்குவார்? அடிமாலிக்கு முன்னால் எனக்கு நேர்ந்தது இந்தக் கணக்கன்றி வேறில்லை.

சரி, எவ்வளவு உயரமுள்ள இருக்கை நமக்குப் பொருந்தும்? இதற்கு நம் மொத்த உயரத்தைவிடக் காலின் உள்ளளவே முக்கியம். வெறுங்காலுடன் சுவரோரம் நின்று, தொடைகளுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்கவேண்டும். (பாடநூல்களுள் தடித்தவை இதற்கேனும் பயன்படட்டும்.) பெரும்பாலோர்க்கு இது மொத்த உயரத்தில் 45 விழுக்காட்டை ஒட்டி வரும். எனக்கு 73 சென்டிமீட்டர்.

73 சென்டிமீட்டர் காலுடையவனுக்கு 73 சென்டிமீட்டர் இருக்கைதான் எட்டும் என்று முடிவு கட்டிவிடலாகாது. விளம்பரத் தாளில் அச்சிடப்படும் உயரம் பெரும்பாலும் ஆள் அமராத வண்டியின் உயரம். நாம் அமர்ந்ததும் சுருள்வில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கும். காலணியின் அடித்தோல் மற்றொரு மூன்று சென்டிமீட்டர் தரும். இவை வரவு. செலவு எதுவெனின், கால்களை அகற்றி வைக்கவேண்டியிருப்பது. அகலவிரித்த கால் நேராகத் தொங்கும் காலைவிட நான்கு சென்டிமீட்டர் அளவு குறைந்துவிடும். இருக்கையின் முன்பகுதி அகன்றிருந்தால் இன்னும் குறையும். இந்த வரவு செலவை எனக்குப் போட்டுப் பார்த்தால், 76.5 சென்டிமீட்டர் இருக்கையில் என் குதிகால் தரையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் எழும்பும். முன்பாதம் நன்றாகப் பதியும். 80.5 சென்டிமீட்டர் இருக்கையில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி, விரல்கள் மட்டும் தொடும். சமதரையில் விரல் தொட்டாலே போதாதா என்று கேட்கலாம். கடையின் பளிங்குத் தரையில் போதும். வழவழப்பான கூடமொன்றில் என்னை ஏற்றி உட்கார வைத்து, “கால் எட்டுகிறதே சார், பின்னென்ன?” என்று ஒரு விற்பனையாளர் கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் அந்தக் கூடத்திலா பயணம் செய்யப்போகிறோம்?

சாலை சமதரை அன்று. மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியுமாறு அமைக்கப்படுவது. நாம் இடப்புறமாகச் செல்கிறவர்கள், ஊன்றுவதும் பெரும்பாலும் இடக்கால், தாழ்ந்திருப்பதும் இடப்புறமே. அதாவது எந்தக் காலுக்குத் தரை அருகில் இருக்கவேண்டுமோ, அந்தக் காலிடமிருந்தே சாலை விலகிச் செல்கிறது. கேரளத்தின் பெருமழையில் தார்ச்சாலையின் ஓரமண் கரைந்து படிபோலத் தாழ்ந்துவிடுவதையும் சேர்த்துக்கொள்க. காக்கநாட்டின் செம்மண் மேடுகளில் சற்று நடந்து பார்த்தாலே இது விளங்கும். ஆகவே சமதரையில் முன்பாதம் முழுவதும் பதிந்தால்தான், சாலையோரத்தில் விரல்களாவது மிஞ்சும். உயரம் குறைந்து, பின்னே ஆளையும் ஏற்றிச் செல்கிறவர் இதற்குக் குறைந்த எதையும் ஏற்கலாகாது என்பது என் கருத்து. தனியாகவே செல்வேன் என்பவர் விரல் நுனியோடு திருப்தியடையலாம். இருக்கையில் ஒருபுறம் நகர்ந்து ஒரே காலை நன்கு ஊன்றும் வித்தையும் அவர்க்கு உதவும். பின்னே ஒருவர் இருக்கும்போது அந்த வித்தைக்கும் எல்லை உண்டு.

இனி வண்டிகளைப் பார்ப்போம். 1955ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட்டையே நம் தந்தையர் நெடும்பயண வண்டி என்று அறிவர். அப்பெயரில் இன்று வரும் புல்லட் 350, கிளாசிக் 350 ஆகிய இரண்டின் இருக்கை உயரமும் 80.5 சென்டிமீட்டர், எடை 195 கிலோ. 165 சென்டிமீட்டருக்கு மேற்பட்டோர்க்கு இவை பொருந்தும். என்னைப் போன்றோர்க்கு இருவராய்ச் செல்கையில் சிரமம். அதே கம்பெனி 2020 நவம்பரில் வெளியிட்ட மீட்டியர் 350இன் இருக்கை 76.5 சென்டிமீட்டர், எடை 191 கிலோ. எஞ்சின் ஏறத்தாழ ஒன்றுதான். இருக்கை மட்டும் நான்கு சென்டிமீட்டர் தாழ்வு. அந்த நான்கு சென்டிமீட்டரின் மதிப்பை மேலே கணக்கிட்டோம். ஹண்டர் 350 எடையில் 181 கிலோவாகக் குறைந்து, 79 சென்டிமீட்டர் இருக்கையுடன் இருக்கிறது. நகரத்துக்கு நல்ல வண்டி. ஆனால் ஐந்தாறு மணி நேரம் பின்னே ஒருவர் அமர்ந்துவர அதன் பின்னிருக்கை தாராளமானதன்று. ஓசூர் டி.வி.எஸ். நிறுவனத்தாரின் ரோனின் 79.5 சென்டிமீட்டர் உயரமும் 160 கிலோ அளவு எடையும் உடையது. பஜாஜ் அவெஞ்சர் 220 பல்லாண்டுகளாக விற்பனையில் இருந்துவந்த வண்டி, இருக்கை 73.7 சென்டிமீட்டர், எடை 163 கிலோ. பழைய வண்டிகள் வாங்குமிடங்களில் இதைக் காண்பது அரிதன்று.

மலைப் பயணத்திற்கென்று இளைஞர் விரும்பும் வண்டிகளோ வேறு வகை. ஹிமாலயன் 450 இருக்கை 82.5 சென்டிமீட்டர், எடை 196 கிலோ. சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 83.5 சென்டிமீட்டர், 167 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 82.5 சென்டிமீட்டர், 160 கிலோவை ஒட்டியது. இவற்றின் உயரத்திற்குக் காரணம் அழகு அன்று. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சக்கரம் மேலுங்கீழும் அசைய நெடிய இடம் வேண்டும். ஹிமாலயன் 450இல் அந்த அசைவு 20 சென்டிமீட்டர். அதற்கேற்ப உடலும் உயர்ந்தாக வேண்டும். நீண்ட சுருள்வில் ஆள் அமர்ந்ததும் சற்று அதிகமாகவே இறங்கும் என்பதால், தாளில் காணும் எண் அச்சுறுத்தும் அளவுக்கு இவை எட்டாதவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஹிமாலயனுக்குத் தாழ்ந்த இருக்கையும் தனியே கிடைக்கிறது. கல்லும் முள்ளுமான பாதையில் தனியே செல்வோர் இவற்றை ஆராயலாம். மூணாறு வழி நெடுஞ்சாலையில் தாயை ஏற்றிச் செல்வதற்கு இவை வேண்டியதில்லை.

“அப்படியானால் இருப்பதிலேயே தாழ்ந்ததை வாங்கிவிட்டாற் போயிற்று” என்பாரும் உளர். அங்கேதான் இரண்டாவது பிழை நிகழ்கிறது. சூப்பர் மீட்டியர் 650இன் இருக்கை 74 சென்டிமீட்டர்தான். ஆனால் எடை 241 கிலோ. இருவரும் பைகளும் சேர்ந்தால் 375 கிலோவைத் தாண்டும். பாதம் பதியும், ஆயினும் ஒருமுறை சாயத் தொடங்கிவிட்டால் மீட்பது அரிது. மட்டாஞ்சேரியின் கிடங்குத் தெருக்களில் எதிரே சரக்கு லாரி வந்து, வண்டியைக் காலால் பின்னே தள்ளவேண்டி வந்தால் அப்போது தெரியும் 241 கிலோவின் பொருள். மேலும், தாழ்ந்த வண்டிகளில் அடிவயிறும் தாழ்ந்திருக்கும்: இதில் தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 13.5 சென்டிமீட்டர், ஹிமாலயனில் 23. இருவர் பாரத்தில் சுருள்வில் இறங்கிய பின் வேகத்தடைகளில் அடி தட்டுவது இதனால்தான்.

தாழ்ந்த வண்டிகளில் இன்னொரு குறையும் உண்டு. கால்வைப்புகள் முன்தள்ளி இருப்பதால், குழியைக் காணும்போது எழுந்து நின்று அதிர்ச்சியைக் கால்களால் வாங்கிக்கொள்ள முடியாது. முழுதும் முதுகெலும்புக்கே போகும். கால் குறுகியவர்க்கு அந்தக் கால்வைப்பையும், கைகுறுகியவர்க்குக் கைப்பிடியையும் எட்டுவதே சிரமமாகலாம். திருப்பத்தில் கைப்பிடியை முழுவதும் திருப்பியபின் வெளிக்கை நீட்டி எட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளவேண்டும். கொண்டை ஊசி வளைவில் முதன்முறையாகப் பார்ப்பது தகாது.

எஞ்சினைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். இருவரையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் நின்று கிளம்பும்போது வேண்டுவது உச்ச வேகமன்று. குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவிசை. மீட்டியர் 27 நியூட்டன் மீட்டர் விசையை நிமிடத்திற்கு 4000 சுழற்சியிலேயே தருகிறது. அவெஞ்சர் 220 தருவது ஏறத்தாழ 17.5, அதுவும் 7000 சுழற்சியில். மேட்டில் கிளம்பும்போது கிளட்சை அரைகுறையாகப் பிடித்துத் தடுமாறும் ஒவ்வொரு நொடியும் கால் எட்டாதவனுக்குச் சோதனை நொடி. அதனால் இழுவிசையும் உயரத்தின் ஒரு பகுதியே என்று கொள்ளலாம். கோவைச் சாலைக்கு அவெஞ்சர் தாராளமாகப் போதும். கணவாயின் பக்கக்காற்றில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்கூட்டர் ஆகாதா என்று கேட்கும் அன்பர்க்கு: ஊருக்குள் அதனினும் வசதியானது இல்லை. ஆனால் சிறிய சக்கரம் குழியில் ஆழ இறங்கும். போடிமெட்டு இறக்கத்தின் 17 கொண்டை ஊசி வளைவுகளில், கியர் வண்டியைப்போல எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தாமையால் பிரேக்குகள் ஓயாது உழைத்துச் சூடேறும்.

இதுவரை ஓட்டுபவரைப் பற்றியே பேசினோம். பின்னிருப்பவரை ஒரு மூட்டையாகக் கருதி வண்டி வாங்குவோரே பலர். அவரும் உயரம் குறைந்தவராக இருந்தால் சிக்கல் இரட்டிக்கிறது. பின்னிருக்கை எப்போதும் முன்னிருக்கையைவிட உயர்ந்தது. என் தாயாரின் உயரம் 150 சென்டிமீட்டர். அவர் தரையிலிருந்தே காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. இடப்புறக் கால்வைப்பின்மேல் ஏறி நின்றுதான் அமரவேண்டும். அவ்வாறு ஏறி நிற்கும் நொடியில் 55 கிலோ எடை முழுவதும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறது. என் இடக்காலுக்கு அதனால் கூடும் சுமை மட்டும் 47 கிலோ. பயணம் தொடங்குமுன்பே விழும் வண்டிகள் இவ்வாறுதான் விழுகின்றன.

புடைவை கட்டியவர் ஒருபுறமாகவே அமர்வது நம் நாட்டு வழக்கம். அப்படி அமர்ந்தால் அவர் உடலின் பாரம் நடுக்கோட்டிலிருந்து நாலைந்து அங்குலம் இடப்புறம் விலகியிருக்கும். ஓடும்போது அதை ஈடுசெய்ய வண்டியை இரண்டு பாகையளவு வலப்புறம் சாய்த்தே ஓட்டிக்கொண்டிருக்கவேண்டும். நிற்கும்போது, எப்போதும் அதிகப்படியான 18, 20 கிலோ அதே இடக்காலில் வந்து இறங்கும். கடைவீதிக்குப் போய்வர இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. மலைச்சாலையில் ஐந்து மணி நேரத்துக்கு ஆகாது. அம்மாவிடம் இதைச் சொல்வதற்கு எனக்கு வண்டி வாங்குவதைவிட அதிகத் துணிவு வேண்டியிருந்தது. “சுடிதாரா? இந்த வயசிலயா?” என்றார். பின்பு தங்கையின் சுடிதாரொன்றைத் தாமே எடுத்து அணிந்துகொண்டு, தெருவில் யாரும் இல்லாத வேளை பார்த்து வந்து ஏறினார்.

பின்னிருப்பவர்க்கு எவையெவை வேண்டும் என்பதைச் சட்டமே ஓரளவு கூறுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 123ஆம் விதி, பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தின் பாதியேனும் மூடும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்கவேண்டும் என்கிறது. புடைவையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நேரும் விபத்துக்களை எண்ணினால் மூன்றாவது எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும். வண்டியின் ‘அழகு’ கெடுகிறதென்று அத்தடுப்பைக் கழற்றி எறியும் நண்பர்கள் தங்கள் வீட்டுப் பெண்டிரை ஏற்றுமுன் திரும்ப மாட்டுவார்களாக. தலைக்கவசம் இருவர்க்கும் வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு. விலைபேசும்போது அவர்க்கான நல்ல கவசத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிடுக. முதுகுச் சார்பு இருந்தால் மிக நன்று. மேட்டில் கிளம்பும்போது பின்னால் நழுவிவிடுவோமோ என்னும் அச்சம் நீங்குவதால், பின்னிருப்பவர் நம் தோளை இறுகப் பற்றி இழுக்கமாட்டார். அவெஞ்சரிலும் மீட்டியரின் சில வகைகளிலும் இது கம்பெனியிலிருந்தே வருகிறது.

உயரமான வண்டியை வாங்கித் தாழ்த்திக்கொள்ளலாமே என்று யோசனை கூறுவோர் ஒவ்வொரு பணிமனையிலும் உளர். இருக்கைப் பஞ்சை ஓட்டுபவர் பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் செதுக்குவதால் கெடுதல் பெரிதில்லை. ஓரங்களைக் குறுக்கினால் அதனினும் பயன். ஆயினும் பஞ்சு குறைந்தால் நூறாவது கிலோமீட்டரில் உடம்பு உணரும். முன்னும் பின்னும் உள்ள உயர வேறுபாடு கூடி, பின்னிருப்பவர் பரண்மேல் அமர்ந்தவர்போல ஆவார். சுருள்வில்லின் இணைப்பையே மாற்றித் தாழ்த்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சாய்த்து நிறுத்தும் கால் அப்போது வண்டிக்கு நீளமாகிவிடும், வளைவில் உராயும், இருவர் பாரத்தில் அசைவதற்கு இடமே இராது. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. பின்னே ஆள் ஏறியதும் வண்டி மேலும் ஓரிரு சென்டிமீட்டர் இறங்குவதால், நம் கால் இன்னும் நன்றாகவே எட்டும். அந்த வசதிக்கு ஆசைப்பட்டுப் பின் சுருள்வில்லைத் தளர்வாகவே விட்டுவிடக்கூடாது. இருவர் செல்லும்போது அதை இறுக்கிவைக்கத்தான் படிகள் இருக்கின்றன. மீட்டியரில் ஆறு படிகள். இறுக்காவிட்டால் முகவிளக்கு வானத்தைப் பார்க்கும். வளைவில் வண்டி சோம்பித் திரும்பும். பின்சக்கரக் காற்றழுத்தத்தையும் இருவருக்கென்று கையேட்டில் குறித்த அளவுக்கு ஏற்றவேண்டும். சுமக்கத்தக்க மொத்த எடையையும் அதே கையேட்டில் பார்த்துக்கொள்க. இருவரும் சேர்ந்து அந்த எடையில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறோம் என்று பார்த்தபின்தான் பலாப்பழம் ஏற்றலாமா என்பதை முடிவு செய்யலாம்.

எனவே கடைக்குச் செல்லும்போது பின்னிருக்கப்போகிறவரை உடனழைத்துச் செல்லுங்கள். பயணத்தில் அணியும் காலணியையே அணிந்து செல்லுங்கள். கூடத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு நில்லாமல், வண்டியை வெளியே கொண்டுவரச் சொல்லி, சாலையோரச் சரிவில் அவரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பத்துமுறை ஏறி இறங்கினால் கடைக்காரர் முகம் கோணும். கோணட்டும். ஒருமுறை ஏற்றி ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்பாராயின் அடுத்த கடை இருக்கிறது. நான் பார்த்த முதற்கடையில், “ஒங்க ஹைட்டுக்கு லேடீஸ் ஸ்கூட்டர் பாருங்க” என்றார்கள். இரண்டாவதில் ஓர் இளைஞர் தாமே பின்னே அமர்ந்து, வேண்டுமென்றே இப்புறமும் அப்புறமும் அசைந்து காட்டினார். அங்கேதான் வாங்கினேன்.

வாங்கியது மீட்டியர். உங்களுக்கும் அதுவே என்று சொல்லமாட்டேன். 155 சென்டிமீட்டருக்குக் கீழ்ப்பட்டு, பின்னிருப்பவரும் மெலிந்தவராயின் எடைகுறைந்த அவெஞ்சரே மேல் என்பேன். 165ஐ எட்டியவர்க்கு ரோனினும் கிளாசிக்கும் திறந்தே இருக்கின்றன.

வண்டி வந்தபின் ஒரு மாதம் ஞாயிறுதோறும் காலையில் பயிற்சி செய்தோம்; முதலில் நண்பன் பின்னே, பிறகு தங்கை, கடைசியில் அம்மா. ஏறுமுன் “ஏறட்டுமா?” என்று கேட்பது, நான் முன்பிரேக்கைப் பிடித்து இரு கால்களையும் ஊன்றி “ஏறுங்க” என்று சொன்னபின்பே கால்வைப்பைத் தொடுவது, இயன்றவரை படியோ திண்டோ உள்ள இடமாகப் பார்த்து ஏறுவது, இவ்வளவே எங்கள் விதிகள். நிற்கும்போது கடைசி நொடியில் முன்பிரேக்கை விட்டுப் பின்பிரேக்கால் நிறுத்தினால் வண்டி முன்னே குனிந்து குலுங்காது. நிறுத்துமிடத்தை ஐம்பதடிக்கு முன்பே தேர்ந்துகொள்ளவேண்டும் என்பதுதான் கற்பதற்குக் கடினமாக இருந்தது. கோட்டைக் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே ஓடும் வண்டிப் படகில் ஏறும் இரும்புப் பலகை ஈரமாக, சரிவாக இருக்கும். அங்கே அம்மாவை இறக்கி நடக்கச் சொல்லிவிடுவேன். அதில் வெட்கமேதும் இல்லை.

மாவுக்கட்டு அவிழ்த்து ஓராண்டு கழித்து மீண்டும் போடிக்குப் புறப்பட்டோம். இப்போதும் அதே தேநீர்க் கடைதான். ஆனால் அதற்கு முப்பதடி முன்பாகச் சாலையோரம் சற்று உயர்ந்திருக்கும் ஓரிடம் இருக்கிறது. அங்கே நிறுத்துகிறேன். அம்மா இறங்கி முன்னே நடந்துபோய், ஒன்றுக்குச் சர்க்கரை குறைத்து, இரண்டு தேநீருக்குச் சொல்லிவிடுகிறார்.